பட்டையைப் பார்த்தா தெரியாதா?

ஏன்டா தம்பி, காலேஜ்ல சேர்ந்த மொத வாரமே கையில ஒரு பாரத்தைத் திணிச்சுட்டாங்களாமே? ‘தொழில்நுட்பத்தின் துணையோடு கற்க நான் தயாராக இருக்கிறேன்.’ அதுக்குப் பக்கத்துல ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் வட்டம். ஒண்ணுன்னா கொஞ்சமும் இல்லை, அஞ்சுன்னா முழுசா ஒத்துக்கிறேன். நீ எதைக் கறுப்படிச்ச? நாலுதானே? எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளையும் நாலுதான் போடும். அஞ்சு போட்டா திமிருன்னு நினைப்பாங்க, மூணு போட்டா மக்குன்னு நினைப்பாங்க. நாலு போட்டா அடக்கமான கெட்டிக்காரன். அப்புறம் ஒரு பெரிய படிப்பு படிச்சவர் வந்து, எல்லா நாலையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால வகுத்து, ‘முதலாம் ஆண்டு மாணவர்கள் உயர்ந்த அளவில் தயார் நிலையில் உள்ளனர்’னு கட்டுரை எழுதிடுவாரு. விடை என்ன வந்திருக்கும்? நாலு. அதுக்குக் கம்ப்யூட்டர் வேற.

தங்கச்சி, நீயும் வந்து உட்காரு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல வேலைக்குச் சேர்ந்தவன். மீசை முளைக்காத வயசு. ‘பால் வெட்டத் தெரியுமாடா?’ன்னு மண்டோர் பாரம் குடுத்துக் கேட்டிருந்தா நானும் நாலு போட்டிருப்பேன். யாரு கண்டா, அஞ்சே போட்டிருப்பேன். அந்த மனுசன் கேட்கவே இல்லை. ஒரு நெரை மரத்தைக் காட்டி, போடான்னாரு. மறுநாள் வெயில் ஏறினதும் வந்து நின்னாரு. என் மூஞ்சியைப் பார்க்கலை. பட்டையைப் பார்த்தாரு, மங்குல எவ்வளவு பால் நிக்குதுன்னு பார்த்தாரு. வெட்டு மேலோட்டமாப் போயிருந்தா பால் இறங்காது. ஆழமாப் போயிருந்தா மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்துல புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வரும், வருசக்கணக்குல அங்க கத்தி ஓடாது. இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் கனம் இருக்கு பாரு, அதுலதான் கூலி. கத்தி யாரோடதா இருந்தா என்ன? பட்டை பொய் சொல்லாது.

அந்த மரம் நம்ம மலேசியாவுக்கு வந்த கதை தெரியுமா? 1877. கோல கங்சார்ல ஹியூ லோன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை, பேராக்குக்கு ரெசிடெண்டு. பங்களாத் தோட்டத்துல ரப்பர் கன்னுகளை நட்டாரு. அந்தக் காலத்து மரம் ஒண்ணு இன்னமும் அங்க நிக்குது, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். சரி, மரம் வந்துருச்சே, காசு வந்துச்சா? எங்க வந்துச்சு! பதினெட்டு இருபது வருசம் யாரும் சீந்தலை. தோட்டக்காரனெல்லாம் காப்பியை நட்டுக்கிட்டுக் கிடந்தான். சிங்கப்பூர் பூந்தோட்டத்துல ரிட்லின்னு ஒருத்தர் உட்கார்ந்து, மரம் சாகாம தினமும் பட்டையை எப்படிச் சீவுறதுன்னு பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாரு. சட்டைப் பையில ரப்பர் விதையை வச்சுக்கிட்டு, வர்றவன் போறவன் கையிலெல்லாம் திணிச்சாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ன்னு பேரு வச்சானுங்க. அப்புறம் மோட்டார் கார் வந்துச்சு, டயரு கேட்டுச்சு, பைத்தியம் சொன்னது பலிச்சுது. மரம் இருந்துச்சு, கத்தி இருந்துச்சு, வெட்டத் தெரியாமத்தான் அத்தனை வருசம் போச்சு.

இப்ப உன் லெப்டாப்புக்கு வா.

2001-ல அமெரிக்காவுல மார்க் பிரென்ஸ்கின்னு ஒருத்தர் எழுதினாராம். இப்பப் பிறக்கிற பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் தாய்ப்பாசை, அவங்க அந்த மண்ணுல பிறந்த குடிங்க, வாத்தியாருங்கதான் வந்தேறிங்கன்னு. என் பேத்தி படிச்சுக் காட்டுனா. எனக்குச் சிரிப்பு அடங்கலை. எங்கப்பா ரஜுலா கப்பல்ல வந்தவரு. வந்தேறின்னு பேச்சுக் கேட்டுக் கேட்டுக் காது காய்ச்சுப் போன ஆளுங்க நாங்க. காட்டை வெட்டி, ரோட்டைப் போட்டு, மரத்தை நட்டு, பாலை எடுத்ததெல்லாம் அந்த வந்தேறிதான். மண்ணுல பிறந்துட்டா மட்டும் மண்வெட்டி பிடிக்க வந்துருமாடா? அந்த அமெரிக்காக்காரர் பேச்சைச் சோதிச்சுப் பார்த்த படிச்சவங்களே, இது வெறும் கட்டுக்கதைன்னு பின்னால எழுதிட்டாங்க. ஆனா நம்ம ஊர் மேடையில டத்தோ மைக்கைப் பிடிச்சா இன்னமும் அந்தக் கதைதான் ஓடுது. ‘இன்றைய இளைஞர்கள் பிறவியிலேயே...’ நீங்களும் கை தட்டுறீங்க. தட்டிட்டு, போனை எடுத்து அதையே படம் பிடிக்கிறீங்க.

உனக்கு என்னதான் தெரியும்? கோவிச்சுக்காம கேளு. உன் கட்டைவிரல் ஒரே ராத்திரியில ஈப்போவுலேருந்து தைப்பிங் வரைக்கும் டிக்டாக்ல நடந்துரும். ஒத்துக்கிறேன். என் பேத்தி ஒரு காலேஜ்ல டியூட்டர், அவ சொல்றதைக் கேட்டா வயிறு வலிக்குது. லெக்சரருக்கு ஒரு இமெயில் எழுதச் சொன்னா, பேரு இல்லை, வகுப்பு இல்லை, எதைப் பத்தின்னு தலைப்பு இல்லை. ‘ஹாய் சார், அசைன்மெண்ட் பிலா ஹந்தார்?’ எப்ப அனுப்பணும்னு மலாய்ல கேள்வி, அவ்வளவுதான். யாரு, எந்தப் பாடம், எந்த அசைன்மெண்ட்? சார் சோசியம் பார்க்கணும். கட்டுரையைக் கேட்டா, எங்க சேமிச்சோம்னு தெரியாது. போன்லயா, மேகத்துலயா, கூட்டாளி வாட்ஸாப்லயா? கிடைச்சா மூணு கிடைக்கும். ஒண்ணுக்குப் பேரு ‘ஃபைனல்’. அடுத்தது ‘ஃபைனல் பெத்துல்’, நிஜமான ஃபைனலாம். மூணாவது ‘ஃபைனல் பெத்துல்-பெத்துல்’. அனுப்பி வச்சது மொதலாவது.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. தினமும் காலையில பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புற ஆளுதான். குடும்பத்துல பாதிப்பேரு என்னை ஊமையாக்கி வச்சிருக்காங்கன்னும் தெரியும். ஆனா நான் ‘உயர்ந்த அளவில் தயார்’னு யார்கிட்டயும் சொல்லிக்கலையே.

தோட்டத்துல பால்மரத்தைச் சாய்ச்சுச் செம்பனை போட்டாங்க, லயத்தை இடிச்சாங்க, நாங்க ஈப்போவுக்கு வந்தோம். ஒரு காலேஜ்ல ஜாகா, அதாவது காவக்கார வேலை. பேரு வேண்டாம், எல்லாக் காலேஜும் ஒண்ணுதான். கண்ணாடிக் கதவு வழியா நான் பார்த்த பாடத்தை நீயே பார்த்திருக்க மாட்ட. நீதான் உள்ள குனிஞ்சு உட்கார்ந்திருந்தியே!

லெக்சரர் வருவாரு. பையைத் திறப்பாரு. வயரு ஒண்ணு எடுப்பாரு, மாட்டுவாரு, மாட்டாது. இன்னொரு வயரு. அது மாட்டும், படம் வராது. முன் வரிசையில ஒரு பையன் எழுந்து போயி, அணைச்சுப் போடுவான். எல்லா வைத்தியத்துக்கும் அதானே மருந்து? அப்புறம் டெக்னீசியனைக் கூப்பிடுவாங்க. அவரு பசியாறப் போயிருப்பாரு. ஒரு வழியா சுவத்துல வெளிச்சம் விழும். அப்பவாவது பாடமா? இல்லை. கறுப்புக் கட்டம் ஒண்ணு காட்டுவாரு, எல்லாரும் போனை நீட்டி அதைச் சுடுவீங்க. அது வருகைப் பதிவாம். நேரா கண்ணு முன்னால உட்கார்ந்திருக்கிறவன் வந்திருக்கானான்னு அமெரிக்காவுல இருக்கிற மிஷினைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க. அப்புறம் கஹூட். டிங்கு டிங்குன்னு பாட்டு, ஓட்டப்பந்தயம், ஜெயிச்சவனுக்குக் கைத்தட்டல். அது முடிஞ்சா பாட்லெட்ல ‘இன்று உங்கள் மனநிலை என்ன?’ன்னு ஒரு கேள்வி. பசின்னு எழுதினவன் ஒருத்தன்தான் உண்மை பேசினவன். கடைசியில மிச்ச நேரத்துக்கு, சுவத்துல என்ன எழுதியிருக்கோ அதையே லெக்சரர் வாசிப்பாரு. நீங்க அதை எழுதக்கூட வேண்டாம், ‘சார், ஸ்லைட் கொடுப்பீங்களா?’ன்னா போதும். கொடுத்துடுவாரு. வாங்கிப் போன்ல போட்டுக்கிட்டா படிச்ச மாதிரிதானே!

இதுல யாரு தயாரா இல்லைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை. உன்கிட்ட மட்டும்தான் பாரம் குடுத்தாங்க, அவருகிட்ட யாராச்சும் குடுத்தாங்களா?

இந்த அமர்க்களம் இன்னிக்கு நேத்து வந்ததுன்னு நினைக்காத. 1923-ல வெள்ளைக்காரன் தொழிலாளர் சட்டம் போட்டான். தோட்டத்துல படிக்கிற வயசுப் பிள்ளைங்க பத்துப்பேரு இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும். வச்சான். பல இடத்துல ஒரு கொட்டகை, பாதி நேரம் கிராணியோ கங்காணியோதான் வாத்தியாரு, பிள்ளைக்கு ஒரு சிலேட்டு. ரோத்தான் பிரம்பு மட்டும் தாராளம். அந்தக் கொட்டகையைப் பெருமையாச் சொல்ல வரலை, அதுல அஞ்சாறு வருசம் உட்கார்ந்து எழும்பினவன் திரும்ப மரத்தடிக்குத்தான் போனான். ஆனா ஒண்ணு பார்த்தேன். சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில ‘தமிழ் நேசன்’ பேப்பரை ஒருத்தர் உரக்கப் படிப்பாரு, எட்டுப்பேரு கேட்பாங்க. படிச்சு முடிச்சதும் சண்டை ஆரம்பிக்கும். ‘அது எப்படி?’ ‘நீ சொல்றது தப்பு.’ ‘இன்னொருக்கா படி.’ எழுத்துத் தெரியாதவர்தான் அதிகமாக் கேள்வி கேட்பாரு. அந்தப் பேப்பரும் 2019-ல நின்னு போச்சு. கேள்வி அதுக்கு முன்னாலேயே நின்னுருச்சு.

1972-ல கல்வித் தொலைக்காட்சின்னாங்க. இனிமே படிப்பே மாறிடும்னாங்க. எங்க பக்கம் டிவி வைக்க மேசை வந்துச்சு, பகல்ல கரண்டு வரலை. 1999-ல ‘பெஸ்தாரி’ பள்ளிக்கூடம், நாடு முழுக்கச் சோதனைக்கு எண்பத்துச் சொச்சம். மாறிடும்னாங்க. 2003-ல கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுக்கப் போறோம்னு வாத்தியாருக்கெல்லாம் லெப்டாப்பு, சுவத்துல படம் காட்டுற பெட்டி. மாறிடும்னாங்க, அப்புறம் அந்தத் திட்டத்தையே மாத்திட்டாங்க. 2011 கடைசியில பத்தாயிரம் பள்ளிக்கூடத்துக்கு இணையம், ‘ஃப்ரோக்’னு ஒரு மேடை. ரெண்டு மூணு வருசத்துல அரசாங்கக் கணக்காய்வாளரே எட்டிப் பார்த்து எழுதினாரு: வாத்தியாரு, மாணவர், பெத்தவங்க, எந்தக் கூட்டத்துலயும் நூத்துக்கு அஞ்சு பேருகூட அதைப் புழங்கலைன்னு. 2019-ல அதுக்கும் மங்களம் பாடிட்டு கூகள் கிளாஸ்ரூம்னாங்க, அடுத்த வருசம் ‘டெலிமா’ன்னாங்க. ஒவ்வொரு வாட்டியும் ரிப்பன் வெட்டினவர் வேற, பேச்சு மட்டும் ஒண்ணு. காலேஜுக்குள்ள போனா அங்க வேற பேரு. கம்பார் யூ.டி.ஏ.ஆர்.ல ஒண்ணு, தஞ்சோங் மாலிம் உப்சியில ஒண்ணு, உங்கு ஓமார் பொலிடெக்னிக்ல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஸ்வர்டு. மறந்தவனுக்கு மறுபடி ஒரு பாரம்.

உப்சின்னதும் ஞாபகம் வருது. அது 1922-ல சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியா ஆரம்பிச்ச இடம். சாக்பீசும் கரும்பலகையும்தான். அங்க படிச்சுட்டுப் போன மலாய் வாத்தியாருங்கதான் கம்பத்துப் பள்ளிக்கூடங்களை நடத்தினாங்க, புத்தகம் எழுதினாங்க, ஊரை எழுப்பினாங்க. உங்கு ஓமார் 1969-ல யுனெஸ்கோ கை குடுத்துத் தொடங்கினது, நாட்டுக்கே மொத பொலிடெக்னிக். அதுல படிச்சு வந்த நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேரு எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுத் திரும்ப மாட்டுறவங்க. அவங்களைத் தயாரான்னு யாரும் கேட்டதாத் தெரியலை. எஞ்சின் ஓடுதான்னு கேட்டிருப்பாங்க.

2020 மார்ச்சு 18. கொரோனாவுக்காக நாட்டையே பூட்டினாங்க. அப்பத்தான் எல்லாம் வெளுத்துச்சு. பாடமெல்லாம் போன்ல. ஒரு வீட்ல மூணு பிள்ளை, ஒரு போன், அதையும் அப்பன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னா? அதே வருசம் ஜூன் மாசம் சபாவுல ஒரு பொண்ணு, பல்கலைக்கழகத்துல அடிப்படை வகுப்புப் படிக்கிறவ, பரீட்சை எழுத லைன் கிடைக்காம மரத்துல ஏறி ராத்திரி அங்கேயே தங்கினா. நாடே பார்த்துச்சு. அந்தப் பொண்ணு தயார் இல்லைன்னு எவனாவது சொல்வானா? அவ தயாரு. மரம்கூடத் தயாரு. லைன்தான் தயார் இல்லை. உன் பாரத்துல ‘உன் வீட்ல உட்கார்ந்து படிக்க மேசை இருக்கா, கதவு சாத்துற ரூம் இருக்கா, மாசக் கடைசியில டேட்டாவுக்குக் காசு மிஞ்சுதா’ன்னு ஒரு வட்டமாச்சும் இருந்துச்சா? புந்தோங்ல அடுக்குமாடி வீட்ல அஞ்சுபேருக்கு நடுவுல உட்கார்ந்து படிக்கிற பிள்ளையும் நாலு போடும், ஏர்கோன் ரூம்ல ரெண்டு திரை வச்சிருக்கிறவனும் நாலு போடுவான். சராசரி? நாலு.

சரி, இல்லாதவன் கதை அது. எல்லாம் இருந்தவன் என்ன பண்ணான்? கேமராவை அணைச்சான். லெக்சரர் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசினாரு. ‘கேட்குதா?’ன்னா பதில் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ‘சார், லைன் தா’ ஓகே’ன்னு ஒரு குரல். பின்னால தே தாரே ஆத்துற சத்தம் மட்டும் நல்லாத் தெளிவாக் கேட்குது.

இப்ப இன்னொரு பூதம் வந்திருக்கு. கேட்டதை எழுதிக் கொடுக்கிற மிஷினு. பேத்தி ஒரு பையன் கட்டுரையைக் கொண்டாந்து காட்டுனா. ‘பேராக் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை.’ அடடா, என்ன நடை, என்ன இலக்கணம்! எனக்கே நான் அவ்வளவு கஷ்டப்பட்டேனான்னு கண்ணு கலங்கிருச்சு. ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி: ‘கொளுத்தும் மதிய வெயிலில் அவர்கள் பால் வெட்டினார்கள்.’ ஏன்டா, மதியானத்துல எவன்டா பால் வெட்டுவான்? இருட்டோட பெரட்டுக்கு நின்னு, விடியிறதுக்குள்ள மரத்தடியில இருக்கணும். வெயில் ஏற ஏறப் பட்டைக்குள்ள அழுத்தம் குறைஞ்சு பால் இறங்காது. மத்தியானம் காண்டாவுல வாளியை மாட்டித் தூக்கிட்டு ஸ்டோருல நிறுவைக்கு நிக்கிற நேரம். மிஷினுக்குத் தெரியலை, அதை விடு. அந்தப் பையனோட சொந்தத் தாத்தா, பால் வெட்டினவரு, அதே வீட்ல முன் வாசல்ல உட்கார்ந்திருக்காரு! எழுந்து பத்தடி நடந்து கேட்கலையே. நெட்டு இல்லாம, டேட்டா தீராம, சார்ஜ் போடாம பதில் சொல்ற ஆளு. இருமலு மட்டும் கொஞ்சம் வரும்.

மிஷினைத் தொடாதேன்னு சொல்ற கிழவன் இல்லை நான். சுவீடன் நாட்டுல பள்ளிக்கூடத்துல திரையைக் குறைச்சுத் திரும்பவும் அச்சுப் புத்தகம் வாங்கக் காசு ஒதுக்கிட்டாங்க, 2023-ல. உடனே நம்ம ஊர்லயும் ரெண்டு பேரு, ‘பார்த்தியா, எல்லாத்தையும் தூக்கிப் போடு’ன்னு குதிக்கிறாங்க. அதுவும் கூத்துத்தான். வாங்கும்போதும் மாலை, தூக்கிப் போடும்போதும் மேளம். நடுவுல பிள்ளை என்ன கத்துக்கிச்சுன்னு பார்க்க மட்டும் ஆளு கிடையாது.

உன் பட்டையை நான் எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? புத்தகமோ திரையோ, எதுவானாலும் சரி, பத்துப் பக்கம் எழுந்திரிக்காமப் படி. படிச்சதை என் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு விளங்குற மாதிரி சொல்லு. அவ ‘ஏன்?’னு ஒரு கேள்வி கேட்பா, முழிப்ப. முழிச்சா நல்லது, அங்கதான் பால் வருது. அந்த முழியோட போயி லெக்சரரைக் கேளு, இமெயில்ல கேட்டாலும் சரி, பேரு மட்டும் போடு. மிஷினையும் கேளு. அது சொன்னதை அப்படியே முழுங்காம, இது மத்தியானத்துல பால் வெட்டின கதையான்னு ஒரு வாட்டி சந்தேகப்படு. தெரியாததைத் தெரியாதுன்னு கூட்டத்துல சொல்ற தைரியம் இருக்கா? அது லெப்டாப்புக் கடையில கிடைக்காது, தீபாவளி மலிவு விற்பனையிலயும் போடமாட்டாங்க.

அப்புறம் ஹாஸ்டல் மூணாவது மாடியில லைன் வரலைன்னா சும்மா கிடக்காதீங்க. நாலுபேரு சேர்ந்து எழுதிக் கொடுங்க. தோட்டத்துல தண்ணிப் பைப்பு உடைஞ்சா நாங்க அடக்க ஒடுக்கமா நாலு போட்டுக்கிட்டா உட்கார்ந்திருந்தோம்? ஆபீஸ் வாசல்ல போய் நின்னோம், துரை எட்டிப் பார்க்கிற வரைக்கும்.

சரி, இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசிட்டேன். கஹூட் எல்லாம் எனக்கு வைக்கத் தெரியாது, வாயாலயே கேட்கிறேன். சட்டைப் பையில விதையோட திரிஞ்சாரே ஒரு பைத்தியக்காரர், அவரு பேரு என்ன? தங்கச்சி, நீ சொல்லாத, அவன் சொல்லட்டும். மேல கூரையில என்னடா பார்க்குற? அட, கை ஏன் பைக்குள்ள போகுது? வெளியே எடு, வெளியே எடு!